மாப்பிள்ளை முன்னால் இருந்த கிளாஸ்

விமானத்தை ஓட்டுவதைவிட, யூனிஃபார்மோடு அதில் சும்மா உட்கார்ந்து வருவதுதான் கொடுமை. டை தளரக் கூடாது. வாயைப் பிளந்து தூங்கக் கூடாது. மது ஒரு சொட்டு ஆகாது. குடிக்கவே வேண்டாம், முன்னால் கிளாஸ் இருந்தது என்று புகார் போனாலே எங்கள் கம்பெனியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

அன்று மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம். ஓட்டுவது வேறொருவர். மறுநாள் டியூட்டிக்காக யூனிஃபார்மோடு போகும் பைலட் நான், வெறும் பயணி. மகன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் என் மாமனார் பஞ்சாபகேசனும் மாமியார் பாகீரதியும் பக்கத்து சீட்டுகளில். என் தலையெழுத்து!

மாமியார் டாய்லெட்டுக்குப் போனதுதான் தாமதம், மனிதர் போர்வைக்கடியில் டியூட்டி ஃப்ரீ பாட்டிலைத் திறந்து, ஆரஞ்சு ஜூஸில் விஸ்கியைத் தாராளமாகச் சாய்த்தார். திருவனந்தபுரத்தில் இவர் குடியிருக்கும் வலியசாலை அக்ரகாரத்தில் இவருக்கு மகா ஆசாரசீலர் என்று பெயர்.

"மாமா, வேண்டாமே."

"ஜூஸாக்கும். நீங்க சும்மா இருங்கோ மாப்பிள்ளை."

பாதிகூட இறங்கவில்லை, மாமியார் திரும்பி வந்துவிட்டார். மனிதர் சட்டென்று கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். படுபாவி! நான் அதைத் திருப்பித் தள்ளுவதற்குள், எதிர் வரிசையில் இருந்த, ஏறும்போதே என்னிடம் பேரும் தொழிலும் சொல்லிக் கைகுலுக்கிய கொத்தனார் ஞானசிகாமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார்.

"எம்மா, இஞ்ச வாருங்க! பைலட்டு குடிக்காரு! அப்பம் பிளேன ஆரு ஓட்டுகது?"

விமானமே திரும்பிப் பார்த்தது. ஏர்ஹோஸ்டஸ் சுஜா ஓடிவந்து கிளாஸை எடுத்து முகர்ந்தாள். முகம் வெளிறிவிட்டது.

"சாரே, இத நான் கேப்டன்கிட்ட சொல்லியே ஆகணும்."

"இது என்னோடது இல்லை."

"பின்னே ஆரோட?"

மாமனார் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டார், கொஞ்சமும் கூசாமல். சொன்னால் மாமியார் முன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் என் பிழைப்பு போகும். மானமாவது மண்ணாவது என்று நான் வாயைத் திறந்தபோது, மாமியார் சுஜாவிடமிருந்து கிளாஸை வாங்கி முகர்ந்தார்.

"கேட்டேளா, எழுந்திருங்கோ. இது உங்களோடதாக்கும்."

குறட்டை நின்றது.

"ஆத்துல தினம் உங்க நன்னாரி சர்பத்துல வர வாசனைதானே இது? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதுன்னா நெனச்சேள்? போட்டும்னு விட்டேன். மாப்பிள்ளை உத்யோகத்துக்கு வேட்டு வெச்சா விடமாட்டேன். அந்தப் பொண்ணுட்ட சொல்லுங்கோ!"

மாமனார் எழுந்தார். பெல்ட் இழுக்க, மறுபடியும் விழுந்தார். "என்னோடதுதான்" என்று போர்வையோடு சொன்னார்.

சுஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு பாட்டிலை எடுத்துப் போனாள். ஞானசிகாமணி மட்டும் விடவில்லை.

"அப்பம் ஓட்டுகது வேற ஆளா?"

"வேற ஆள்தான்யா, உட்காரும்!"

மறுநாள் வலியசாலையில் மாமியார் எனக்கு நன்னாரி சர்பத் தந்தார். சாயங்காலம் விமானம் ஓட்ட வேண்டுமே, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். மாமனாருக்கு மோர். அதையும் மாமியார் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.