செந்தில்நாதன் எதையும் எதிர்பார்க்கவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது. மெல்பேர்னின் புறநகரான பொயிண்ட் குக்கில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலி. அந்தப் பக்கம் செந்தில்நாதன், அவர் மனைவி ஹரிப்பிரியா, இருபத்தொரு வயது மகன் நரேன். கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள். இந்தப் பக்கம் நாகேஸ்வரியாகிய நானும் என் கணவர் யோகேஸ்வரனும். நாங்கள் யாழ்ப்பாணம்.

"எழுதட்டோ?" என்று செந்தில்நாதனிடம் கேட்டேன்.

"தாராளமா எழுதுங்கக்கா" என்றார்.

அவர் "தாராளமா" என்று சொன்னால் அதற்கு நாலு அர்த்தம் இருக்கும். எது என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருடப் பழக்கம் இருக்கிறது. இந்தக் கதையில் வரப்போகிற அமெரிக்கருக்கு அது இல்லை. கதையே அதுதான்.

(பாருங்கள், முடிச்சை முதல் பக்கத்திலேயே அவிழ்த்துவிட்டேன். இப்படிச் செய்கிற எழுத்தாளர்களை நான் மதித்ததே இல்லை. இருக்கட்டும்.)

2

தொடக்கம் ஒன்று: "பந்து நரேனின் காலிலிருந்து எழும்பி, ஒரே அச்சில் வார்த்த கூரைகளுக்கு மேலே ஒரு கணம் அசையாமல் நின்று —"

நிற்காது. இரண்டு வருடமாகச் சமைத்தபடி குசினி ஜன்னலால் பார்க்கிறேன், பந்து எங்கேயும் நிற்பதில்லை. வெட்டியாயிற்று.

தொடக்கம் இரண்டு: "அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து ஒரு விளையாட்டல்ல, அது ஒரு —"

இது தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் வருகிற கட்டுரை. அதையும் வெட்டினேன். ஆனால் கொஞ்சம் கட்டுரை இல்லாமல் தீராது, பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். இனி மேலே போக முடியாது என்று ஓர் அணிக்குத் தெரிந்ததும் ஒருவனை உள்ளே அனுப்பும். அவன் பந்தை இயன்ற தூரம் உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிட்டு வெளியே வருவான். அவனைப் பண்டர் என்கிறார்கள். மெல்பேர்ன் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தை உதைத்து வளர்கிறவர்கள் என்பதால், இந்த ஒரு வேலைக்கு அமெரிக்கக் கல்லூரிகள் இங்கே ஆள் தேடுகின்றன. பிடித்துப்போனால் படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இப்போது விதிகள் மாறி, அதற்கு மேல் கையிலும் பணம் கொடுக்கிறார்கள்.*

தொடக்கம் மூன்று: "நரேன் இன்ஜினியரிங்கை இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டுப் பந்து உதைக்கப் போனான்."

இது போதும். ஒரு தமிழ் வீட்டில் இந்த வாக்கியம் என்ன பாடு படுத்தும் என்று நான் விளக்கத் தேவையில்லை. காலையில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினான், மத்தியானத்துக்குப் பிறகு மைதானத்தில் உதைத்தான். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் வெளியில் யார் கேட்டாலும் "ஒரு சின்ன பிரேக் எடுத்திருக்கான்" என்றார்.

* மாணவர் விசாவில் இருக்கிற வெளிநாட்டுப் பிள்ளை அந்தக் கைப்பணத்தை வாங்கலாமா என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். போனை வைத்தபோது, கேட்பதற்கு முன்பு தெரிந்த அளவே எனக்குத் தெரிந்தது. ஆகவே இந்தக் கதை ஸ்காலர்ஷிப்பைத்தான் பிடித்துக்கொண்டு போகும்.

3

இந்தக் கதையில் அமெரிக்கக் கல்லூரிகள் இரண்டு: பெரிய கல்லூரி ஒன்று, சின்னக் கல்லூரி ஒன்று. பெயர் சொல்லமாட்டேன். பெரிய கல்லூரியின் பயிற்சியாளரைக் கோச் என்று மட்டும் அழைக்கப் போகிறேன், நரேன் அப்படித்தான் அழைக்கிறான்.

முதல் வரைவில் கோச்சுக்கு வாயில் சுயிங்கம் கொடுத்திருந்தேன். அகலமாகச் சிரிப்பார், பிள்ளை பிடிக்க வந்தவர் போல் கண்ணைச் சுருக்குவார். யோகேஸ் வாசித்துப் பார்த்துவிட்டு, "உந்த மனிசன் உனக்கு என்ன செய்தவர்?" என்று கேட்டார்.

ஒன்றும் செய்யவில்லைதான். இரண்டு வருடமாக நரேன் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்து, வாரம் தவறாமல் கிழமைக்கு ஒரு பதில் எழுதியவர் அவர். பந்தைக் கையிலிருந்து எப்படி விடுவது, எந்தத் தோளைத் தாழ்த்துவது என்று ஒன்றொன்றாகத் திருத்தியவர். நரேனின் உதை அவர் கையில் தேறியது. அதனால்தான் அவன் அவரிடம் போக ஆசைப்பட்டான். இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. எழுதுகிறவளுக்கு அது பெரிய தலையிடி.

4

அந்தச் சனிக்கிழமை காலை செந்தில்நாதன் எங்களைக் கூப்பிட்டார். கோச் குடும்பத்தோடு வீடியோவில் பேசுகிறாராம்.

"பேச்சுவார்த்தைன்னா பெரியவங்க ரெண்டு பேரு கூட இருக்கணுமுங்க்கா" என்றார்.

போனால், கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் தட்டுத் தட்டாக இருக்கின்றன. செந்தில்நாதன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். நரேனைத் தலைசீவி நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பெண் பார்க்க வருகிறவர் மடிக்கணினிக்குள் இருந்தது ஒன்றுதான் வித்தியாசம்.

கோச் மரியாதையாகப் பேசினார். (ஆங்கிலத்தில்தான். தமிழில் தருகிறேன்.) "உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை, சார். இந்த வருடம் உதைக்கிற ஆளுக்கு என்னிடம் ஒரே ஒரு முழு ஸ்காலர்ஷிப் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு பேரும் எனக்கு வேண்டும். மற்றப் பையனின் வீட்டார், அது இல்லாமல் அவன் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் நிலைமை என்ன? எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?"

இதைவிட நேராக ஒரு மனிதர் கேட்க முடியாது. நரேன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

செந்தில்நாதன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். முகத்தில் ஒரு பெருந்தன்மை வந்தது. "வீ ஆர் நாட் எக்ஸ்பெக்டிங் எனிதிங், சார்" என்றார். "ஹீ இஸ் லைக் யுவர் சன். வாட்எவர் யூ ஃபீல் லைக் டூயிங், யூ டூ."

எனக்குப் பஜ்ஜி தொண்டையில் நின்றுவிட்டது. உங்களுக்கும் நின்றிருக்கும். "நாங்க ஒண்ணும் எதிர்பார்க்கலீங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க." மாப்பிள்ளை வீட்டார் சொல்கிற வசனம் அது. அதைக் கேட்ட பெண் வீட்டார், கேட்டுக் கொடுப்பதைவிடக் கூடுதலாகச் செய்தாக வேண்டும். (எங்கள் பக்கத்தில் சீதனம் என்றால் வீடு, நகை, காசு என்று வாய்விட்டுக் கேட்பார்கள். அசிங்கம்தான். ஆனால் யாருக்கும் சந்தேகம் வராது.)

கோச் கேமராவை நேராகப் பார்த்து, "இந்தக் காலத்தில் இப்படி ஒரு தகப்பனைப் பார்ப்பது அபூர்வம், சார். நன்றி" என்றார். கண் கலங்கியது போல்கூட இருந்தது.

அழைப்பு முடிந்ததும் செந்தில்நாதன் எல்லோருக்கும் இன்னொரு கரண்டி கேசரி வைத்தார். "பெரிய மனுஷன். புரிஞ்சுக்கிட்டாரு" என்றார்.

5

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. நரேனுக்கு அணியில் இடம் உண்டு, படிப்புச் செலவு குடும்பத்துடையது. உங்கள் பெருந்தன்மை என் முடிவைச் சுலபமாக்கியது என்று கோச் நன்றியோடு எழுதியிருந்தார். மற்றப் பையன் எங்கள் நேரப்படி வெள்ளிக்கிழமை கையெழுத்திடுகிறான்.

செந்தில்நாதன் அதை மூன்று தரம் வாசித்தார். "அதெப்படிங்க? நான் ஒரு மரியாதைக்குத்தானே சொன்னேன்?"

"ஒண்ணும் வேண்டாம்னு சொன்னீங்க. அவரு ஒண்ணும் குடுக்கலை" என்றாள் ஹரிப்பிரியா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்க கல்யாணத்துல இவங்கப்பாவும் இதையேதான் சொன்னாருங்க்கா, ஒண்ணும் வேண்டாம்னு. எங்கப்பா நாப்பது பவுனும் ஒரு மாருதியும் குடுத்தாரு."

நரேன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். "அப்பா, யூ டோல்ட் ஹிம் ஐ'ம் ஃப்ரீ" என்று மட்டும் சொன்னான். இரண்டு வருடம் பெட்டி தூக்கி, மழையில் நனைந்து, படிப்பை விட்டு உதைத்தவன். அவனுக்கு ஒரு விலையும் இல்லை என்று அவன் அப்பாவே சொல்லிவிட்டதாக அவனுக்குப் பட்டிருக்கிறது.

அடுத்த நாளே சின்னக் கல்லூரி எழுதியது: முழு ஸ்காலர்ஷிப், மேலே கைப்பணம், வெள்ளிக்குள் பதில் வேண்டும். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. அவனைத் தேர்ந்தெடுத்த பயிற்சியாளரும் அடுத்த வருடம் வேறிடம் போகப்போவதாகப் பேச்சு.

"நான் கெடுத்தேன், நானே கட்டறேன்" என்றார் செந்தில்நாதன். வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுப்பாராம்.

"வீட்டைத் தொட்டீங்கன்னா நான் ஊருக்குப் போயிருவேன்" என்றாள் ஹரிப்பிரியா.

நரேன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மற்றப் பையன் கையெழுத்திடுவதற்கு முன்னால் அப்பா கோச்சைக் கூப்பிட்டு, ஸ்காலர்ஷிப் இல்லாமல் என் மகன் வர முடியாது என்று சொல்ல வேண்டும். "நீங்கதானே சொன்னீங்க. நீங்கதான் மாத்தணும்."

6

நடப்பதை அன்றன்றைக்கே எழுதிக்கொண்டு வந்தேன். புதன் இரவு, இந்த இடத்தில் எனக்கு எழுத்து நின்றுபோனது. மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) கோச்சின் மனைவி நம்மூர் வழக்கம் தெரிந்தவள். அவள் கணவனுக்கு விளக்குகிறாள், அவர் பதறிப்போய்த் தானே கூப்பிட்டு — [வெட்கக்கேடு.]

ஆ) செந்தில்நாதன் கடன் எடுக்கிறார். விமான நிலையத்தில் நரேன் அப்பாவைக் கட்டிப்பிடித்து — [ஹரிப்பிரியா எங்கே? அவளை எங்கே விட்டேன்?]

இ) நரேன் சின்னக் கல்லூரிக்குக் கையெழுத்திடுகிறான். தோற்கிற அணிதான் அடிக்கடி உதைக்கும் என்பதால் அவனுக்கு அங்கே வேலை அதிகம். நன்றாக வருகிறான். கோச்சோடு பேச்சு நின்றுபோகிறது.

மூன்றையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்குங்க்கா" என்றார் செந்தில்நாதன், மூன்றுக்கும்.

நரேன் என் கையிலிருந்த தாள்களை வாங்கிப் புரட்டினான். "ஆன்ட்டி, எல்லாத்துலயும் வேற யாரோதான் ஏதோ பண்றாங்க. அப்பா வாயைத் திறந்து கேக்கற மாதிரி ஒண்ணுகூட இல்லையே?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான், எனக்கு அப்படி ஒன்று எழுதவே தோன்றவில்லை.

7

வியாழன் மாலை செந்தில்நாதன் எங்கள் குசினிக்கு வந்தார். ஒத்திகை பார்க்க வேண்டுமாம். நான் கோச்.

"சார், உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்றார்.

"என்னத்தைப் பாக்கிறது, என்னத்தைச் செய்யிறது? அங்க இருக்கிற மனிசனுக்கு இது என்னெண்டு விளங்கும்?"

"வேற எப்படிங்க்கா கேக்கறது?"

"ஸ்காலர்ஷிப் வேணும் எண்டு கேளுங்கோ. இல்லாட்டி பிள்ளை வரமாட்டான் எண்டு சொல்லுங்கோ. ரெண்டே ரெண்டு வசனம்."

அவர் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்காம இருந்து கிடைக்கலைன்னா, அவங்க குடுக்கலைன்னு போயிரும். கேட்டு இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா? மறுத்துட்டாங்கன்னு ஆயிருமில்லீங்க்கா? இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம், ஆபீஸ்ல ஒரு தடவை சம்பளம் ஏத்துங்கன்னு கேட்டதில்லை. எனக்குக் கூச்சமில்லீங்க. பயம்."

அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த யோகேஸ், "அந்த மற்றப் பெடியனுக்கும் ஒரு தகப்பன் இருக்குதானே. அந்தாள் கேட்டிருக்கிறார்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் இவர் கேட்டுக் கிடைத்தால் அவனுக்கு இல்லாமல் போகும். அந்தக் கணக்கு எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

8

வெள்ளிக்கிழமை காலை. அமெரிக்காவில் வியாழன் பின்னேரம். இந்த முறை பலகாரம் ஒன்றும் இல்லை. நரேன் எண்ணை அழுத்தி, போனை மேசை நடுவில் வைத்தான். ஹரிப்பிரியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"செந்தில், சார். உங்கள் குரலைக் கேட்பதில் சந்தோஷம்" என்றார் கோச். "மற்றப் பையன் இன்னும் கொஞ்ச நேரத்தில் வருகிறான், அதற்குமுன் உங்களோடு பேசக் கிடைத்தது நல்லது. சொல்லுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும்?"

செந்தில்நாதன் வாயைத் திறந்தார்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. நடந்தது எனக்குத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் எழுத இருந்தபோது என் கைக்கு முதலில் வந்தது அவர் வாய்க்கு முதலில் வந்த அதே வசனம்: "நத்திங் சார், ஜஸ்ட் லைக் தட்." அதை அடித்துவிட்டேன். அடித்த இடம் வெறுமையாக இருக்கிறது; அவருக்குப் பதிலாக அதை நிரப்ப வேண்டியது நீங்கள்.

உங்களுக்கும் இப்போது அதுதான் வாயில் நிற்கிறது என்றால் அதை விழுங்கிவிட்டு வேறொன்று சொல்லுங்கள். நாசூக்காக வேண்டாம், கோச்சுக்கு விளங்காது. நரேன் அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சீக்கிரம்.