கோட்டுக்கு மேலே ஏறிய ஆயில்

அந்தச் சனிக்கிழமை என் அக்கா வெர்னாவுக்கு எழுபதாவது பிறந்த நாள். அவள் ஹான்காக்கில், நான் டுலூத்தில். நடுவில் நாலு மணி நேர ரோடு. மூன்று வருடமாக நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? கார்! கார் இல்லாமல் இல்லை, புதுக் கார் இருந்ததால்.

என் புருஷன் ரெய்னோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். கார் வாங்கிய அன்றே சொல்லிவிட்டான்: "மார்லிஸ், இதுதான் நம்ம கடைசிக் கார். நாம போற வரைக்கும் இது ஓடணும்." அன்றிலிருந்து அது சர்ச்சுக்கும் மளிகைக் கடைக்கும் மட்டும்தான் போகும். இரண்டுமே இரண்டு மைல். தினமும் காலையில் பனியில் இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சூடாக்குவான். ஹான்காக் என்று வாயைத் திறந்தால் போதும், "அவ்வளவு தூரம் ஓட்டினா இன்ஜின் தேய்ஞ்சிடும்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வியாழக்கிழமை நானே கார் மூடியைத் தூக்கினேன். ஆயில் சரியாக இருக்கிறது என்று காட்டிவிட்டால் அவன் என்ன சாக்குச் சொல்வான், பார்க்கலாம் என்று. ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். கம்பியில் இரண்டு கோடு உண்டு, ஆயில் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். இதுவோ மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் ஏறி நின்றது.

ரெய்னோ எட்டிப் பார்த்துப் பூரித்துப் போனான். "பாத்தியா? பக்கத்து வீட்டுக்காரன் கார் ஆயிலைக் குடிச்சுத் தள்ளுது. நம்மளுது ஒரு சொட்டு கொறையல!"

"கொறையலையா? ஏறியிருக்கு, மனுஷா! கார் என்ன ஆயில் குட்டி போடுதா?" கம்பியை அவன் மூக்கிடம் நீட்டினேன். "மோந்து பாரு!"

மோந்தான். முகம் வெளுத்தது. பெட்ரோல் வாடை.

அடுத்த பத்தாவது நிமிடம் மெக்கானிக் ட்ரூடியின் பட்டறையில் நின்றோம். ட்ரூடி ஆயிலை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ரெய்னோ, காரைக் காப்பாத்துறேன்னு கொன்னுக்கிட்டு இருக்கீங்க. குளிர்ல நின்ன எடத்துலயே ஓடினா, எரியாத பெட்ரோல் ஆயில்ல எறங்கிடும். இன்ஜின் நல்லா சூடானாத்தான் அது ஆவியாப் போகும். ரெண்டு மைல்ல எங்க சூடாகும்? ஆயில் தண்ணியாயிடுச்சு. இன்னும் ஒரு குளிர்காலம் போயிருந்தா உள்ள எல்லாம் தேய்ஞ்சிருக்கும்."

"ஆயில் மாத்த இன்னும் மைல் ஆகலையே?" என்றான் பாவம்.

"மைலை விடுங்க, மாசத்தைப் பாருங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. காலைல அரை நிமிஷம் போதும், கெளம்பிடுங்க. அப்பப்ப ஹைவேல கொறஞ்சது ஒரு மணி நேரம் ஓட்டுங்க."

ட்ரூடியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காத குறைதான் எனக்கு! அவள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினாள். இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தப்பித்தது என்றாள்.

சனிக்கிழமை காலை ஸ்டியரிங்கில் நான்தான் உட்கார்ந்தேன். "ஆஷ்லண்ட் வரைக்கும்தான், அங்க திரும்பிடணும்," என்று ரெய்னோ நிபந்தனை போட்டிருந்தான். ஹான்காக் போகும் வழியில் ஒன்றரை மணி நேரத்தில் வரும் ஊர் அது. நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெர்னாவுக்காகச் சுட்ட ஏலக்காய் ரொட்டி பின்சீட்டில் மணத்தது.

ஆஷ்லண்ட் வந்தது. வேகத்தைக் குறைக்காமல் நான் அதைக் கடந்தேன்.

"மார்லிஸ், திரும்பு!"

"மாட்டேன்."

"திரும்புன்னா திரும்பு! நடுரோட்டுல நின்னா என்ன பண்ணுவ?"

"மூணு வருஷமா கார் மட்டுமா ஷெட்ல கெடந்துச்சு, ரெய்னோ? நானும்தான் கெடந்தேன்!"

அவன் சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டான். பிறகு ஒரு மேட்டில், மரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே ரோடு காலி. நான் மிதித்தேன். கார் ஒரே மூச்சில் லாரியைத் தாண்டி மேலே ஏறியது.

"அடேங்கப்பா! என்னமா இழுக்குது!" ரெய்னோ சீட்டிலிருந்து எம்பிவிட்டான். "இது இப்படியெல்லாம் போகுமா? எனக்குத் தெரியவே தெரியாதே! இன்னும் கொஞ்சம் மிதி!"

"உனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு," என்றேன். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் வழி முழுக்க அவன் அலம்பல்தான்.

ஹான்காக்கில் வண்டியை நிறுத்துவதற்குள் வெர்னா வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல் பனியில் இறங்கி வந்துவிட்டாள். போனில் அவள் குரலுக்கு வயதே ஆகியிருக்கவில்லை. ஆள்தான் பாதியாகிவிட்டிருந்தாள். கட்டிக்கொண்டபோது ஸ்வெட்டருக்குள் எலும்புதான் தட்டுப்பட்டது. ரெய்னோ அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "வெர்னா, நாங்க ரெண்டு மூணு நாள் தங்கிட்டுப் போலாமா? படுக்க எடம் இருக்கா?"

"இருக்காவா?" என்றாள் அக்கா. "மூணு வருஷமா வாரா வாரம் அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாத்திக்கிட்டுத்தானே இருக்கேன்."