சி டிரைவில் இருந்த சத்தம்

எங்கள் கம்பெனியில் கேஸ் கசிந்தால் சைரன் ஊதாது. குப்பம்மாக்கா கத்துவாள்.

நிஜ குப்பம்மாக்கா இல்லை. அவள் பாட்டுக்கு என் எதிரே நின்று இறால் உரித்துக்கொண்டிருப்பாள். கத்துவது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற குப்பம்மாக்கா.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கும் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிறது கம்பெனி. இறாலை உரித்து, நரம்பெடுத்து, பாளம் பாளமாக உறைய வைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். உறைய வைக்கிற மிஷினுக்கு அமோனியா வேண்டும். குழாய்க்குள் ஓடுகிறவரை அது சாது. வெளியே வந்தால் முதலில் கண்ணைப் பிடிக்கும், பிறகு தொண்டையை, பிறகு ஆளையே. லேசான நெடி ஹாலில் எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும். எங்கள் மூக்குக்கு அது பழகிவிட்டது. அதனால் மிஷின் ரூமில் ஒரு கருவியை வைத்து அதை ஆபீஸ் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார்கள். அளவு மீறினால் ஹாலில் தொங்குகிற ஸ்பீக்கரில் கம்ப்யூட்டர் சைரன் ஊத வேண்டும்.

ஊதத்தான் செய்தது. ஒரு தடவை நிஜமாகவே கசிந்தபோது நன்றாகவே ஊதியது. ரோட்டில் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கிறது என்று நினைத்து நாங்கள் உரித்துக்கொண்டே இருந்தோம். இரண்டு பெண்கள் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

அப்போது எலக்ட்ரீஷியனாக இருந்த வெள்ளத்துரைதான் மேனேஜரிடம் யோசனை சொன்னார். "ஊதுனா இவுங்க எந்திரிக்க மாட்டாங்க சார். திட்டுனாத்தான் எந்திரிப்பாங்க."

மேனேஜர் நோட்டீஸ் பாஷையில் ஒன்று எழுதிக் கொடுத்தார். 'அனைவரும் அமைதியாக வெளியேறவும்.' அதைப் படித்துக் காட்டியதற்கே ஒருத்தி கொட்டாவி விட்டாள். எங்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. கையில் இருக்கிற இறாலைப் போட்டுவிட்டு எவள் அமைதியாக வெளியேறுவாள்?

குப்பம்மாக்கா திருவொற்றியூர் குப்பத்துக்காரி. காசிமேட்டில் மீன் ஏலம் கூவிய தொண்டை அது. குடும்பத்துப் படகு கைவிட்டுப் போன பிறகு எங்களோடு உரிக்க வந்தாள். அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டு மைக்கை நீட்டினார் வெள்ளத்துரை. முதலில் வெட்கப்பட்டாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரே மூச்சில் விட்டாள்.

"அடியேய்! கேஸுடி! எறாவ போட்டுட்டு ஓடுங்கடி, பேமானிங்களா!"

கடைசி வார்த்தையை எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர். எடுத்தால் பாதிப் பேர் நகர மாட்டார்கள் என்றார் வெள்ளத்துரை. அப்படியே இருந்துவிட்டது.

மாதம் ஒரு முறை சோதனைக்காகப் போடுவார்கள். இறாலைப் போட்டுவிட்டு நாங்கள் சிரித்துக்கொண்டே ரோட்டுக்கு ஓடுவோம். "இன்னா வாயிடி அவளுக்கு! யாரு பெத்த பொண்ணோ" என்று குப்பம்மாக்கா தன் குரலைத் தானே கிண்டல் பண்ணிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடுவாள். எங்களுக்கெல்லாம் அதில் ஒரே பெருமை. ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு நல்ல சைரன் வாங்கி வைத்திருக்க வேண்டிய முதலாளி, எங்களில் ஒருத்தியின் தொண்டையை ஓசியில் வாங்கிக்கொண்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்தபோது அவள் இல்லை.

வெள்ளத்துரை துபாய்க்குப் போய்விட்டார். கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, ஒரு பில் அடிக்க அரை நாள் ஆனது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், பழைய தொண்ணூற்றெட்டு விண்டோஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மானம் போகும் என்று மேனேஜருக்குக் கவலை. பச்சை மேடும் நீல வானமுமாகத் திரையில் வருமே, அந்த எக்ஸ்பி வேண்டும் அவருக்கு. ஜெயவேலைக் கூப்பிட்டார்.

ஜெயவேல் புளியந்தோப்பில் எங்கள் தெருக்காரன். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்து பிழைக்கிறவன். அரைகுறை இல்லை, பொறுப்பில்லாதவனும் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு எல்லாப் பழியையும் கம்பெனி அவன் தலையில்தான் போட்டது. நடந்ததை அவனே எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னான்.

கம்ப்யூட்டருக்குள் சி, டி என்று இரண்டு அறை மாதிரி இருக்குமாம். புது விண்டோஸ் போடும்போது சி-யில் இருப்பதெல்லாம் துடைத்துப் போய்விடும், டி-யில் இருப்பது தப்பிக்கும். ஜெயவேல் பில், லெட்டர் எல்லாவற்றையும் டி-க்கு மாற்றிவிட்டுக் கேட்டிருக்கிறான்.

"சி-ல வேற இன்னாச்சும் வோணுமா சார்? அடிச்சிட்டா திரும்ப வராது."

"ஒண்ணும் இல்லப்பா. சுத்தமா அடிச்சிடு."

அவன் சுத்தமாக அடித்தான். எக்ஸ்பி ஏறியது, பச்சை மேடும் வந்தது. ஆனால் கேஸ் கருவியின் புரோகிராம் அதில் ஓடவே மாட்டேன் என்றது. அது பழைய விண்டோஸுக்கென்று செய்தது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, மறுபடியும் எல்லாவற்றையும் அழித்து, தொண்ணூற்றெட்டையே திரும்பப் போட்டான். கருவியோடு வந்த பழைய சிடியைத் தேடியெடுத்து அந்தப் புரோகிராமையும் ஏற்றினான். அமோனியாவில் நனைத்த துணியைக் கருவிக்குப் பக்கத்தில் காட்டினான். திரையில் சிவப்பு மின்னியது. பழைய சைரன் அந்தச் சிடியில் இல்லாததால் ஸ்பீக்கரில் டிங், டிங் என்று விண்டோஸின் மணிதான் அடித்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் ஒருவரும் இல்லை. "அலாரம் வேல செய்யுது சார்" என்றான். வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்த மேனேஜர் தலையை ஆட்டினார்.

குப்பம்மாக்கா சி-யில் இருந்தாள். மேனேஜர் பொய் சொல்லவில்லை, அது ஒரு ஃபைல் என்பதே அவருக்கு ஞாபகமில்லை. எங்களுக்கும் தெரியாது. ஸ்பீக்கர் தொங்குகிறவரை அவள் கத்துவாள் என்றுதான் நாங்களெல்லாம் நினைத்திருந்தோம். ஜெயவேலுக்கு இப்படி ஒருத்தி இருப்பதாக யாருமே சொல்லவில்லை.

இன்னொன்றும் நடந்தது. கிளார்க் தப்பான பட்டனை அழுத்தினால் அந்த விண்டோஸ் டிங் என்று அடிக்கும். வெள்ளத்துரை அந்தச் சத்தங்களையெல்லாம் அணைத்து வைத்திருந்திருக்கிறார். புதிதாகப் போட்டதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. திங்கட்கிழமையிலிருந்து ஹால் ஸ்பீக்கரில் ஓயாமல் டிங், டிங்.

"ஆபீஸ்ல இன்னாடி அன்பு, காலைலேர்ந்து பூச பண்ணிகினு கீறாங்களா?" என்று என்னைக் கேட்டாள் குப்பம்மாக்கா.

"பிரசாதம் குடுத்தா சொல்றேங்கா" என்றேன். மேஜை முழுக்கச் சிரித்தது. இரண்டு நாளில் அந்தச் சத்தம் எங்கள் காதில் விழுவதே நின்றுவிட்டது.

அந்த வாரமே கசிந்தது. மேனேஜர் துறைமுகத்துக்குப் போயிருந்தார். கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தார். காலி ஆபீஸில் திரை சிவப்பாக மின்னிக்கொண்டிருந்திருக்கும். ஹாலில் டிங், டிங், டிங். நான் கேட்டேன். எல்லோரும் கேட்டோம். இறாலிலிருந்து கையை எடுக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

முதலில் என் கண் எரிந்தது. குளோரின் தண்ணீர் தெறித்துவிட்டது என்று நினைத்துத் தோளில் தேய்த்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது குப்பம்மாக்கா ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் குரல் வரும் என்று காத்திருந்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அது வரவில்லை. மாஸ்க்கைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு அவளே கத்தினாள்.

"அடியேய்! கேஸுடி! எறாவ போட்டுட்டு ஓடுங்கடி, பேமானிங்களா!"

அந்த வார்த்தைக்கு எங்கள் கால் பழகியிருந்தது. போட்டுவிட்டு ஓடினோம். துணியை நனைத்து வாயில் வைத்துக்கொண்டவர்கள் உண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. கத்துகிறவளால் அது முடியாது. கத்த வேண்டுமென்றால் மூச்சை உள்ளே இழுத்தாக வேண்டும். அவள் இழுத்து இழுத்துக் கத்தினாள். ஹால் காலியான பிறகும் வெளியே வரவில்லை. உறைய வைக்கிற ரூமுக்குள் சில பெண்கள் இருந்தார்கள். தடிமனான கதவு, உள்ளே மிஷின் இரைச்சல், இங்கே கத்தினால் அங்கே கேட்காது. அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். அவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். கதவருகே குப்புற விழுந்து கிடந்தவளைத் தீயணைப்புக்காரர்கள்தான் தூக்கி வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் தொண்டைக்குள் குழாய் விட்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயை அசைத்தாள். காற்றுகூட வரவில்லை. அந்த வாரம் தாண்டவில்லை. கடற்கரையை ஒட்டிய சுடுகாட்டுக்கு எடுத்துப் போனபோது, அவள் காப்பாற்றிய அத்தனை பேரும் பின்னால் நடந்தோம். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

ஜெயவேலைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் விசாரித்து, அறைந்து அனுப்பியது. 'டெக்னீஷியன் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தது கம்பெனி. அதே கம்பெனி மறுபடி வேலை ஆரம்பிக்கும்போது அதே ஜெயவேலைக் கூப்பிட்டு, இன்ஸ்பெக்ஷன் வருகிறது, பழையபடி குரலை ஏற்றிவிடு என்றது. மேனேஜர் என்னை ஆபீஸுக்கு வரச் சொன்னார்.

"உனக்கும் நல்ல தொண்டதானம்மா. அதே மாதிரி சொல்லு, போதும்."

"ஒரு சைரன் வாங்கக் கூடாதா சார்? பெருசா, மெய்யாலுமே கேக்குற மாதிரி?"

"அதெல்லாம் பாக்கலாம். இப்ப இத முடி."

ஜெயவேல் மைக்கை என் கையில் கொடுத்தான். அப்போதுதான் குப்பம்மாக்காவின் மகள் ரேகா வந்தாள். அம்மாவின் செருப்பையும் சோத்து டப்பாவையும் வாங்கிப் போக வந்தவள். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். கம்ப்யூட்டரையே பார்த்தாள்.

"சார், எங்கம்மா கொரலு இந்தப் பொட்டிக்குள்ள கீதாமே. அம்மா சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க. எங்களாண்ட போட்டோ கீது, கொரலு இல்ல. ஒரே ஒருவாட்டி போட்டுக் காட்டுறீங்களா?"

மேனேஜர் ஜெயவேலைப் பார்த்தார். ஜெயவேல் தரையைப் பார்த்தான்.

"சிஸ்டத்த ஃபார்மேட் பண்ணிட்டோம்மா" என்றார் மேனேஜர்.

"அப்டீன்னா?"

நான்தான் சொன்னேன். "அழிச்சிட்டாங்கடி."

"எப்போ? அம்மா போனப்புறமா?"

"இல்ல. அதுக்கு மின்னாடியே. அந்த வாரந்தான்."

சோத்து டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். யோசிக்கிறாள் என்று தெரிந்தது. யோசிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அப்போ அது இருந்திருந்தா பொட்டியே கத்தியிருக்கும். எங்கம்மாவும் உங்களோட ஓடியாந்திருப்பாங்க. இல்லீங்களாக்கா?"

"ஆமாண்டி" என்றேன்.