எந்த டைப் குவார்ட்டர்ஸ்?

டாக்டர் கஸ்தூரிரங்கனுக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. மயக்க ஊசி நரம்பில் ஏறும்போது நோயாளிக்கு எரிகிறதா? உடனே, "எந்தக் காலனி, எந்த டைப் குவார்ட்டர்ஸ்?" என்று கேட்டுவிட வேண்டும். டெல்லி சர்க்கார் ஊழியன் சர்க்கார் வீட்டுப் பேச்சில் வலியை மறந்துவிடுவானாம். கண் விழித்ததும் "வலித்ததா?" என்று கேட்டு, நூறு பேர் கணக்கோடு எழுதப்போகும் கட்டுரைக்குக் குறித்துக்கொள்வார். தொண்ணூற்றொன்பது பேரும் இல்லை என்றார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? அந்த மருந்தே மறதியைக் கொடுக்கிற மருந்து. அவர்கள் கத்தியதை ஞாபகம் வைத்திருந்தது, கையைப் பிடித்துக்கொள்ளும் நர்ஸ் அம்சவேணியின் மணிக்கட்டுதான்.

"முதல்ல கொஞ்சம் லிக்னோகெய்ன் போட்டு நரம்பை மரத்துப்போக வெச்சுடலாமே சார்?" என்றாள் அவள்.

"அப்புறம் என் கட்டுரை என்னத்துக்கு ஆறது?"

நாளைக்கு முதல் கேஸ் பாப்பம்மாள். வார்டு கூட்டுகிறவள், மதராசி கேம்ப் குடிசைக்காரி. போன வருஷம் இதே ஊசிக்கு அவள் துடித்த துடிப்பு அவளுக்கு நினைவில்லை. அம்சவேணிக்கு இருந்தது. மறுபடி அந்தக் கையைப் பிடிக்க அவளுக்குத் தைரியமில்லை.

தெய்வமாய்ப் பார்த்து டாக்டருக்கே ஹெர்னியாவைக் கொடுத்தது. பாப்பம்மாளுக்கு முந்தின நாளே, நூறாவது ஆள் நானே என்று பெருமையாகப் படுத்தார். ஜூனியர் பாலசுப்ரமணியம் மருந்தை ஏற்றிக்கொண்டே, முறைப்படி, "எந்த டைப் குவார்ட்டர்ஸ் சார்?" என்றான்.

"குவார்ட்டர்ஸ் நாசமாப் போக! எரியறதுடா படுபாவி!"

தியேட்டரே அதிர்ந்தது. அம்சவேணியின் மணிக்கட்டில் நாலு நகமும் பதிந்தன. வலித்தாலும் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இனிமேலாவது மனுஷனுக்குப் புத்தி வரும்.

சாயங்காலம் கண் விழித்தார். "துளிக்கூட வலிக்கலை. நூத்துக்கு நூறு, எழுதிக்கோ! நாளையிலேர்ந்து இன்னொரு நூறு பாத்துடலாம்."

அவள் மணிக்கட்டை நீட்டினாள். "இது உங்க நகம் சார். அப்படிக் கத்தினீங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "அச்சா. ஆனா நர்ஸுக்கு வலிச்சுதான்னு நம்ம கேள்வியில இல்லையேம்மா."

மறுநாள் அவள் யாரையும் கேட்கவில்லை. லிக்னோகெய்னை ஊசியில் ஏற்றிப் பாலசுப்ரமணியத்தின் கையில் திணித்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான். முதலில் அதைப் போட்டான். பிறகு மயக்க மருந்தை ஏற்றும்போது பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான்.

"எந்த டைப் குவார்ட்டர்ஸ்மா?"

"நாலா ஓரம் ஜுக்கி, பையா. மழை வந்தா குடிசைக்குள்ளாறவே சாக்கடைத் தண்ணி..."

சொல்லிக்கொண்டே பாப்பம்மாள் கண்ணை மூடினாள். அம்சவேணியின் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒரு தடவைகூட இறுகவில்லை.