எல்லாத்துக்கும் கத்தட்டும்

மாமியாரின் கைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த மருமகள், மோதிர விரலுக்கு வந்ததும் தயங்கினாள். எதிரே நாத்தனார் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. அப்பா போட்ட மோதிரத்தோட பொதைக்கணும்னு. அதுக்கும் குடுத்து வைக்கல," என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்து.

சுவருக்குச் சொன்னது மருமகளுக்கு உறைத்தது. மோதிரம் காணாமல் போன அன்று வீட்டில் இருந்தவர்கள் அவளும் மாமியாரும்தான். மாமியாருக்கோ நினைவு தப்பியிருந்தது. "தோட்டத்துல பத்திரமா வச்சேன்" என்பாள், மறுநாள் "எந்த மோதிரம்?" என்பாள். காலையில் உயிர் பிரிந்ததிலிருந்து மருமகள் அழவில்லை. அழுதால் நீலிக்கண்ணீர், அழாவிட்டால் கல்நெஞ்சு. எதற்கு வம்பு என்று வேலையைப் பார்த்தாள்.

உடலை எடுத்துப்போகும் வண்டி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கணவன் தோட்டத்தில் கடைசியாக ஒருமுறை தேடிக்கொண்டிருந்தான். அலுவலக வாசல்களில் மெட்டல் டிடெக்டர் பொருத்துவது அவன் தொழில். நீளக் கைப்பிடி வைத்த ஒன்றை வாங்கி, நான்கு மாதமாக ஞாயிறுதோறும் இதே மண்ணைத் துழாவுகிறான். அவனுக்குத் தண்ணீர்ச் செம்போடு போன மருமகள் நின்றாள். கசங்கிய அலுமினிய மாத்திரை உறை ஒன்றின்மேல் மெஷின் சத்தமில்லாமல் கடந்து போனது.

"இதுக்கு ஏன் கத்தல?"

"குப்பைக்குக் கத்தாம வச்சிருக்கேன். ஆபீஸ் வாசல்ல சாவிக்கும் சில்லறைக்கும் கத்தினா ஒருத்தனும் உள்ள போக முடியாது." சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவள் தன் மோதிரத்தைக் கழற்றிப் புல்லில் போட்டாள். "இப்ப பாருங்க."

மெஷின் போனது, வந்தது. மூச்சுவிடவில்லை. அவன் காது சிவந்தது.

"மெல்லிசு மோதிரமும் மாத்திரைத் தகடும் இதுக்கு ஒண்ணுதான் போலிருக்கு..."

"நாலு மாசம்," என்றாள்.

"நாலு மாசம்," என்றான் அவனும்.

திட்ட நேரமில்லை. "எல்லாத்துக்கும் கத்தட்டும்," என்று அவன் குப்பைக்குக் கத்தவிடாத அந்த வடிகட்டலை முழுவதும் நீக்கினான். மெஷின் ஊரைக் கூட்டியது. கம்பி வேலி பக்கத்தில் இருந்ததால்தான் அந்தக் கூப்பாடு. உணர்திறனை இரண்டு படி குறைத்ததும் அடங்கியது. ஆணி வந்தது, பாட்டில் மூடி வந்தது, கொண்டை ஊசி வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். குழாயடியில் மறுபடி கத்தியது. அவள் மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினாள். மாத்திரை உறையில் நாலாக மடித்துச் சுற்றிய மோதிரம்.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சாவு வீட்டில் சொல்லும் வார்த்தையா அது? சொல்லிவிட்டாள். உடம்பே லேசாகிப்போனது.

நாத்தனார் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் வந்து... உன்னைப் போய்..."

"அப்புறம் பேசிக்கலாம் அண்ணி. வண்டி வந்துடும்."

நாத்தனார் அம்மாவின் விரலில் மோதிரத்தை மாட்டினாள். மூட்டில் சிக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். மருமகள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா அண்ணி! அத்தைக்கு அந்த மூட்டு வலிக்கும்."

நாத்தனார் எழுந்து அவளுக்கு இடம் விட்டாள். மருமகள் சோப்புத் தண்ணீரைத் தொட்டு, வீங்கிய அந்த மூட்டை நீவிவிடத் தொடங்கினாள்.