கலைமான் கால்சட்டை

கத்தரிக்கோல் கலைமானின் கழுத்தடியில் சிக்கிக்கொண்டது. பிரியந்தி அதை இழுத்தெடுத்து, அலகில் ஒட்டியிருந்த சிவப்பு நூலை உதறிவிட்டு, மறுபடியும் வெட்டத் தொடங்கினாள். குசினிக் கத்தரிக்கோல். நேற்று நத்தார்ப் பண்டிகைக் கோழியை இதனால்தான் பிளந்தார்கள். எத்தனை தரம் கழுவியும் கொழுப்பு நாற்றம் விடவில்லை. அந்த நாற்றத்தோடு அது அம்மாவின் தொடைமேல் ஊர்ந்தது.

அம்மா பிலோமினம்மா விடியப்புறம் போய்விட்டாள். தாதி வந்து பார்த்து, கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள். அம்மாவை எடுத்துப்போகும் மலர்ச்சாலை வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறதாம். பனி வழித்து முடிய இல்-பிசார் தீவுக்குள் விடுவார்களாம். அதற்குள் இந்தக் கால்சட்டை கழன்றாக வேண்டும்.

ஆற்றங்கரையில் மரவீடு எடுத்து நத்தாரைக் கழிப்பது அண்ணன் அல்பேட்டின் யோசனை. இனி வைத்தியத்தால் பயனில்லை என்று டாக்டர் சொன்ன அன்றே, அம்மா சந்தோசமாகப் போகட்டும் என்று வீட்டைப் பிடித்துவிட்டான். கணப்படுப்பு, வெளியே ஆவி பறக்கும் வெந்நீர்த்தொட்டி, அறைக்கு அறை கறுவா மணக்கும் மெழுகுதிரி. அவன் மனைவி ஜெனாட் எல்லோருக்கும் ஒரேமாதிரி இரவுடுப்பு வாங்கியிருந்தாள். பால்குடிப் பிள்ளைக்குக்கூட. சிவப்புத் துணியில் வெள்ளைக் கலைமான்கள். வயிற்றில் உள்ள பெரிய மானின் மூக்கு மட்டும் பஞ்சுருண்டை.

வந்த அன்று அம்மாவுக்குக் கதைக்கச் சீவன் இருந்தது. "கால்சட்டையோ எனக்கு? கொண்டுபோய் உன்ரை கொப்பருக்குப் போடடி" என்றாள் ஜெனாட்டிடம். எல்லோரும் சிரித்தார்கள். நேற்றுப் பின்னேரம் வாய் திறக்க முடியாமல் கிடந்தாள். மறுப்புச் சொல்ல ஆளில்லை. ஜெனாட் கால்களைப் பிடித்து நுழைத்தாள், பிரியந்தி இடுப்பைத் தூக்கிக் கொடுத்தாள். அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் பேச்சு. பிறகு கேக் வெட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள், பிள்ளைகள் வெந்நீர்த்தொட்டியில் இறங்கினார்கள். ஒருவரும் மாற்றவில்லை.

வீட்டுக்குள் நீளச் சட்டை, வாசல் தாண்டினால் சீலை. அதுதான் அம்மா. வீடு இருக்கும் செயின்ட்-மிஷேலில் பனி முழங்கால் உயரம் கொட்டினாலும் சீலையைத் தூக்கிச் செருகி, கீழே சப்பாத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவாள். போன வருடம் நெஞ்சுவலி வந்தபோது அம்புலன்ஸ்காரர் கட்டிலோடு வாசலில் நிற்க, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சீலை உடுத்திய பிறகுதான் வெளியே வந்தாள். முகம் சாம்பலாக இருந்தது. கொய்யக மடிப்பு மட்டும் ஒழுங்காக இருந்தது.

பிரியந்தி அம்மாவின் பையை இரண்டு தரம் கொட்டிப் பார்த்திருந்தாள். பை அடுக்கியது ஜெனாட். சட்டைகள், காலுறைகள், செபமாலை. விடுமுறைக்கு ஏன் சீலை என்று நினைத்திருப்பாள். உடுத்துவந்த ஒன்றும் வந்த அன்றே வாந்தி பட்டுக் குப்பைக்குப் போயிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அல்பேட் வந்தான். அழுது கண் சிவந்திருந்தது. வயிற்றில் கலைமான், கையில் போன். மரண அறிவித்தலுக்குப் படம் தெரிவாம்.

"இதிலை அம்மா சிரிக்கிறமாதிரிக் கிடக்கு, பார். எல்லாரும் நிக்கிறம்."

நேற்றைய படம். அம்மாவின் தலை சரியாமல் இருக்க ஜெனாட் பின்னாலிருந்து பிடித்திருந்த விரல்கள், காதுக்குக் கீழே தெரிந்தன. திறந்திருந்த வாயைத்தான் அவன் சிரிப்பு என்கிறான்.

"ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ அண்ணை."

"லண்டன் மாமிக்கு அனுப்பிட்டன். அவ அழுதுகொண்டு போன் எடுத்தவ." அப்போதுதான் அவன் கட்டிலைப் பார்த்தான். "என்ன செய்யிறாய் பிள்ளை? விடு. அங்கை கொண்டுபோய்க் குளிப்பாட்டி, சீலை உடுத்துவினம்தானே. தொழில் தெரிஞ்ச ஆக்கள்."

"வாசல் தாண்டேக்கை?"

அவன் கடைவாயில் எதையோ மென்று விழுங்கினான். கேக். அவன் போன பிறகும் பழச்சாராய வாடை அறையில் நின்றது.

அம்மாவின் உடம்பிலும் வாடை தொடங்கியிருந்தது. வெளியே ஆறு கல்லாய் உறைந்து கிடக்க, வீட்டுக்குள் நத்தாருக்கு மூட்டிய அடுப்பை யாரும் அணைக்கவில்லை. யன்னலைத் திறக்கப் போனபோதுதான் திரைச்சீலை கையில் பட்டது. வெள்ளை. ஆறு பார்த்த கண்ணாடிக் கதவு முழுவதையும் மூடுகிற நீளம்.

கதிரையில் ஏறித் தடியோடு கழற்றினாள். விழுந்த சத்தத்துக்கு ஜெனாட் வந்து நின்றாள். சட்டைக் கையால் மூக்கை மூடியிருந்தாள்.

"வீட்டுக்காரர் பேந்து கதைப்பினம், பிரியந்தி."

"கதைக்கட்டும். இஞ்சை வாங்கோ மச்சாள்."

"எனக்குத் தொடப் பயமாக்கிடக்கு."

"நேற்றுக் காலைப் பிடிச்சனீங்கள். இண்டைக்கும் பிடியுங்கோ."

ஜெனாட் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பிடித்தாள். ஈரமான கால்சட்டைத் துண்டுகளையும் கலைமான் மேற்சட்டையையும் பிரியந்தி உருவி, கோழி எலும்பு கிடந்த குப்பைப் பையில் திணித்தாள். துடைத்தாள். ஒரு சட்டையைப் போட்டு, மேலே திரையைச் சுற்றினாள். முதுகுப்பக்கம் எட்டவில்லை. பரவாயில்லை என்று முன்னால் மடிப்பு வைத்தாள். முதல் மடிப்பு கோணியது. பிரித்துத் திரும்பவும் வைத்தாள். வளையல் கழற்றிய கைகளை எடுத்து வயிற்றில் வைத்து, தலைப்பை இடது தோளால் இறக்கினாள். விளிம்பில் திரை மாட்டும் இரும்புக் கொக்கிகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றைக் கழற்றப் பார்த்தாள். நகம் முறிந்தது. வெளியே வண்டி வந்து நின்றது.

கறுப்பு மேலங்கி போட்ட இரண்டு பேர். வாசலில் பனியை உதறி, பொன்ஜூர் என்று மெல்லச் சொன்னார்கள். கூடத்தில் குடும்பம் முழுதும் வரிசையாக நின்றது. வந்தவர்களின் கண் ஒவ்வொரு வயிறாகப் போய், கடைசியில் நின்ற பிரியந்தியிலும் ஒரு கணம் தங்கி, நிலத்துக்குப் போனது. அவள் குனிந்து பார்த்தாள். தன் வயிற்றிலும் அந்தப் பஞ்சுருண்டை. காலையிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. அதைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

அவர்கள் அம்மாவைத் தூக்கித் தள்ளுகட்டிலில் வைத்து, சவப்பையை மூடினார்கள். தலைப்பு வெளியே தொங்கியது. ஒருவன் அதை உள்ளே தள்ளக் கை நீட்டினான். பிரியந்தி வேண்டாமென்று தலையசைத்தாள். அவன் விட்டுவிட்டான்.

கட்டில் வாசல் தாண்டியது. படிகளில் இறங்கும்போது கொக்கிகள் கட்டிலின் இரும்பில் பட்டு, படிக்குப் படி கிணுகிணுத்தன.

அல்பேட் அழுகையை நிறுத்தினான். "என்ன சத்தம் அது?"

பிரியந்தி வெறுங்காலோடு பனிப்படியில் இறங்கி நின்று, வண்டிக் கதவு சாத்தும்வரை அதைக் கேட்டாள்.