நகத்தால் கீறக்கூடிய கல்

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் சித்தி மகள் கேட்டு வாங்கியது. முகப்பவுடருக்குக் கல் அரைக்கும் ஆலையில் அவளுக்குப் பரிசோதனை அறையில் வேலை. அவள் கணவருக்கு அங்கேயே அரவை இயந்திரத்தில். "ரெண்டு முடிவு எழுதிக் குடுங்கண்ணா. படிச்சுட்டு எதுன்னு பாத்துக்கறேன்" என்றாள். கதை எழுதுகிறவனிடம் போய் யாராவது யோசனை கேட்பார்களா? இவள் கேட்டாள்.

முதல் தொடக்கம்: "பூமித்தாய் கோடி ஆண்டுகளாகத் தன் மடியில்..." வேண்டாம். பாடப்புத்தக வாடை அடிக்கிறது.

இன்னொன்று: கற்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்துவரை அளப்பார்கள். பத்து, வைரம். ஒன்று, டால்க் என்கிற பவுடர் கல். நகத்தால் கீறினாலே கோடு விழும். இது இருக்கட்டும்.

2.

புதுக் குழியிலிருந்து வந்த கல்லை அவள் உருப்பெருக்கியில் வைத்தாள். செதில் செதிலாக உதிரவேண்டிய கல், ஓர் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்தது. வளைத்தாலும் ஒடியவில்லை. கல்நார், கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ்.

(பவுடர் கல்லும் கல்நாரும் மண்ணுக்கடியில் அக்கம்பக்கத்தில் இருப்பதுண்டு. இயற்கை வளம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த அக்கம்பக்கத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை.)

அரைத்தால் தூசியாகும். மூச்சோடு போய் நுரையீரலில் தங்கும். பல வருடம் கழித்துத்தான் புற்றுநோயாக வேலையைக் காட்டும்.

மேலாளரிடம் சொன்னால் ஆலையை மூடுவார்கள். கணவருக்கு அலைந்து அலைந்து கிடைத்த வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தத் தூசி டப்பாவில் யார் யார் வீட்டுக்கோ போகும். அதற்கு முன்னால் அவர் மூக்குக்குள் போகும்.

வீட்டில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"இருக்கற கல்லுலயே மெத்துனு இருக்கற கல்லு. கொழந்தைக்கே பூசறாங்க. அது என்னை என்ன பண்ணிடப்போகுது?" என்றார் மாப்பிள்ளை, புருவமெல்லாம் வெள்ளைப் பொடியோடு.

"அது கூட வேற ஒண்ணும் கலந்து வருதுங்க. நான் பாத்தேன்."

"பாத்தல்ல? பேசாம இரு. சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்காத."

[இந்த இடத்தில் அவரை மேசையை ஓங்கித் தட்ட வைத்திருந்தேன். "அவரு அப்படிப்பட்டவர் இல்லண்ணா. வேலை போயிடுமோன்னு பயம், அவ்வளவுதான்" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.]

3.

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். இயந்திரம் நிற்கிறது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், அவளோடு பேசுவதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

முடிவு ஆ: சொல்லவில்லை. வேலை நடக்கிறது, வீட்டில் சிரிப்பும் இருக்கிறது. பல வருடம் கழித்து ஒரு காலை, பல் துலக்கும்போது அவர் இரும—

போனில் படித்துக்காட்டியபோது இங்கே நிறுத்தச் சொன்னாள்.

"எப்படி வேணா முடிங்கண்ணா. அவரை மட்டும் இரும வைக்காதீங்க."

"சரிம்மா" என்று அந்த வரியை அடித்தேன். அடித்த பிறகுதான் உறைத்தது: அவர் இருமக்கூடாது என்றால் அவள் வாயைத் திறந்தாக வேண்டும். அவள் என்னிடம் கேட்ட இரண்டில் ஒன்றுதான் மிச்சம்.

அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்ட அண்ணன் என்ற பெயரைச் சுமக்க எனக்குத் தைரியம் இல்லை. வாசகரே, நீங்கள் எங்களுக்கு யாரோ. நீங்கள் சொல்லலாம்.

அவள் இன்னும் போனை வைக்கவில்லை.